சாத்தோ வகையறா

"யாரு வூட்டுப் புள்ளைங்க நீங்க?" என்று கேட்டபடியே அப்பாவு டீ கிளாசை வாங்குகிறார். கேட்கப்பட்டவர் மின்வாரியத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வாயில் பாதி வடை இருக்கிறது. எப்படியோ விழுங்கி ஊர்ப் பெயரைச் சொல்கிறார். "ஊரு சரிங்க. வகையறா?" என்கிறார் அப்பாவு. கிளாஸ் காலியாவதற்குள் அந்த மனிதரின் குலதெய்வம், தாத்தா பெயர், நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கை எல்லாம் அப்பாவுவின் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. இத்தனையும் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தபடி மின்வாரியக்காரர் பைக்கை எடுக்கிறார்.

மரக்காணத்தில் அப்பாவு செய்வது இரண்டு தரகு. வெயில் காலத்தில் உப்பு. மழை இறங்கி உப்பளப் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால் கல்யாணம். "உப்புல ஈரம் பாக்கணும், கல்யாணத்துல வகையறா பாக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். ஆள் ஒல்லி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெளுத்துப் பிளந்திருக்கும். தோளில் ஒரு துண்டு. சந்தோஷம் வந்துவிட்டால் அந்தத் துண்டு ஓரிடத்தில் நிற்காது. தோளிலிருந்து தலைக்கு ஏறும், தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கும், மறுபடி தோளுக்கு வரும். பேச்சும் அதே வேகம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அச்சுக்கடை வைத்திருக்கும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வேலையில் பாதி அவர் கொண்டுவருவது. அதனால் அவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. பேசினாலும் காதில் விழாது என்பது வேறு விஷயம்.

அவர் முடித்துவைத்த கல்யாணம் எதிலும் அவர் மேடை ஏறியதில்லை. மண்டபத்து வாசலில், காலில் செருப்போடு நிற்பார். கெட்டிமேளம் கேட்டதும் துண்டை ஒரு உதறு உதறிவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். சாப்பாடும் வேண்டாம். "தாலி ஏறிடுச்சின்னா நம்ம வேல முடிஞ்சிது. அதுக்கு மேல நின்னோம்னா ரெண்டு வூட்டுச் சண்டையும் நம்ம தலைமேல வந்து வுழும்" என்பது அவர் கட்சி. பெண் வீட்டார் பாயசத்தைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தால் மட்டும் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வார். அது அவர் மனைவி லட்சுமியம்மாளுக்கு.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் மிசாகி வந்தது உப்பு வாங்க.

ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்தில் மிசாகி வேலை செய்கிறார். சோயாவை வேகவைத்து, உப்புப் போட்டு, மாதக்கணக்கில் ஊறவைத்து, மிசோ என்று ஒரு விழுது செய்கிறார். ஜப்பானில் அதில்தான் சூப் வைப்பார்களாம். அதற்குக் கடை உப்பு சரிப்படாது என்று ஸ்கூட்டரில் மரக்காணத்துக்கே வந்துவிட்டார். தமிழ், கூட வேலை செய்யும் பெண்களிடம் கற்றது. அப்பாவு குவியலிலிருந்து அள்ளிக் கொடுத்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். "அண்ணா, இது புதுசு. கசக்குது. பழைய அம்பாரத்துல குடுங்க" என்றார்.

அன்று என் கடைக்கு வந்த அப்பாவுவின் துண்டு தலையில் இருந்தது. "ஜப்பான்லருந்து வந்து நம்ம அம்பாரத்துல பழசு எது புதுசு எதுன்னு சொல்லுதுப்பா. இன்னா நாக்கு அது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆவல. கேட்டுட்டேன்" என்றார்.

"உப்பு வாங்க வந்தவங்ககிட்ட அதை எதுக்குக் கேட்டீங்க?"

"கேக்காம எப்பிடிப்பா வுடறது" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதைப் போல.

அவர் மனதில் அப்போதே கென்ஜி இருந்திருக்க வேண்டும். கென்ஜி தச்சர். ஆரோவில்லை ஒட்டிய ஒரு கிராமத்தில் பட்டறை வைத்திருக்கிறார். உடைந்த படகுகளின் பலகையை வாங்க மரக்காணம் மீனவர் குப்பத்துக்கு வருவார். அந்தப் பேரத்தை முடித்துக்கொடுப்பதும் அப்பாவுதான். கென்ஜி பேசுவது குறைவு. தமிழ் இன்னும் குறைவு. பலகையைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் மிசாகி, மிசோ ஊறவைக்க மரப்பீப்பாய் வேண்டும், இங்கே செய்கிற பீப்பாய் எல்லாம் ஒழுகுகிறது என்று சொன்னாராம். அதற்குமேல் கேட்க வேண்டுமா. அப்பாவு எக்ஸெல்லை முன்னால் விட்டு, மிசாகியின் ஸ்கூட்டரைப் பின்னால் வரவைத்து, நேரே கென்ஜியின் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "பீப்பா ஒரு சாக்குப்பா" என்று என்னிடம் கண்ணடித்தார். கென்ஜி செய்துகொடுத்த பீப்பாய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் ஒழுகுகிறதா என்று பார்க்க அவர் அடிக்கடி அந்தச் சமையற்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

போன மழைக்காலம் முடியும்போது மிசாகி உப்பளத்து வரப்பில் நின்று சொன்னார்: "அண்ணா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். இங்கயே பண்ணணும். உப்பளத்துல வேலை செய்யற அக்காங்க எல்லாரும் வரணும். நீங்கதான் பண்ணி வெக்கணும்." அவருக்கு அம்மா இல்லை. அப்பாவால் அவ்வளவு தூரம் விமானத்தில் வர முடியாது. பெண் பக்கம் என்று வந்து நிற்க ஒருவரும் இல்லை.

தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாயிற்று. சின்ன மண்டபம் ஒன்று பேசியாயிற்று. கடற்கரைச் சாலையில் அனுமந்தை வரை அப்பாவு வாயாலேயே சொல்லி முடித்துவிட்டார். 'ஜப்பான் கல்யாணம்' என்று டீக்கடையில் பெயரே வைத்துவிட்டார்கள். உப்பளத்துப் பெண்கள் ஒரே நிறத்தில் புடவை எடுக்கப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நான் பத்திரிகை அடிக்கப் போகிறேன் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரே குதிதான்.

இதற்குள் ஒரு ஓட்டை இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் வகையறா கேட்கிற மனிதர், இந்த இரண்டு பேரிடம் மட்டும் கேட்கவில்லை. ஆரோவில்லில் எல்லோரும் ஒற்றைப் பெயரோடுதான் புழங்குகிறார்கள். மிசாகி, கென்ஜி, முடிந்தது. ஜப்பான்காரர்களுக்கு ஏது வகையறா என்று அப்பாவு விட்டுவிட்டார்.

பத்திரிகை அடிக்க அப்பா பெயர் வேண்டும். என் கடையில் உட்கார்ந்து அப்பாவு மிசாகிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்க அப்பா பேரு சொல்லும்மா."

"சாத்தோ ஹிரோஷி."

நான் தட்டச்சு செய்தேன். அப்பாவு தொடர்ந்தார்: "பக்கத்துல மாப்ள கீறாரா? அவுரு அப்பா பேரு?"

கென்ஜியின் குரல் வந்தது. "சாத்தோ மகோதோ."

என் விரல் நின்றது. அப்பாவு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ரெண்டுத்துலயும் முன்னாடி வர்றது இன்னாதும்மா? இனிஷியலா?"

"குடும்பப் பேர் அண்ணா. நானும் சாத்தோ, அவரும் சாத்தோ." மிசாகியின் குரல் துள்ளியது. "எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம். எங்க ஊர்ல கல்யாணம் ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேர் இருக்கணும், சட்டம். ஒருத்தர் தன்னோட பேரை வுடணும். எப்பவும் பொண்ணுதான் வுடும். நான் வுட மாட்டேன்னு சொன்னேன். ஒரு கல்யாணமே அதனால நின்னுபோச்சு. இப்ப பாருங்க, ரெண்டு பேரும் வுட வேணாம்."

"நான் அப்புறம் பேசறம்மா" என்று அப்பாவு போனை வைத்தார். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

"ஒரே வகையறாப்பா" என்றார். "பங்காளிங்க. அண்ணன் தங்கச்சி முறை ஆவுது."

எந்தப் பெயர் ஒன்றாக இருக்கிறதென்று மிசாகி பூரித்தாரோ, அதே பெயர் இவரை நாற்காலியோடு சாய்த்துவிட்டது. நான் போனில் தேடினேன். ஜப்பானிலேயே மிக அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பெயர் சாத்தோதான், லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று படித்துக் காட்டினேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது. "அத்தினி பெரிய வகையறாவா? அப்ப இது கண்டிப்பா பெரிய தப்புதான்" என்றார்.

அப்பாவு பார்த்தால் முறை தப்பாது என்பதுதான் இந்தக் கடற்கரை முழுக்க அவருக்கு இருக்கிற ஒரே மரியாதை. பங்காளிக்குள் முடித்து வைத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அப்புறம் எந்த வீட்டு வாசலிலும் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. இன்னொரு பக்கம் மிசாகி. "நீங்கதான் பண்ணி வெக்கணும்னு கேட்டுச்சேப்பா. அதுக்கு யாரு இருக்கறாங்க இங்க?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்து, "காலையில மாப்ள பட்டறைக்கு நீயும் வா" என்றார்.

காலையில் எக்ஸெல்லின் பின்னால் உட்கார்ந்து போனேன். துண்டு இன்னும் அவர் மடியிலேயே கிடந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பட்டறையில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்பாவு மரத்தூள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"மாப்ள, உங்க வூட்ல ஒரு சாவு வுழுந்தா, இதுங்க வூட்ல தீட்டு காப்பாங்களா?"

கென்ஜி மிசாகியைப் பார்த்தார். மிசாகி விளக்கினார். இரண்டு பேரும் ஜப்பான் மொழியில் நீளமாகப் பேசிக்கொண்டார்கள். "இல்லண்ணா. அவங்களுக்கு சேதியே வராது" என்றார் மிசாகி.

"குலதெய்வம் ஒன்னா?"

"இவர் ஊர் அகிதா. வடக்கு. பனி கொட்டும். இவங்க கோயில் மலையில. என் ஊர் ஓய்தா. தெற்கு. அங்க பூமியிலேர்ந்து சுடுதண்ணி வரும். எங்க கோயில் கடல்கிட்ட."

துண்டு மடியிலிருந்து தோளுக்கு ஏறியது. கென்ஜி தன் பங்குக்குச் சொன்னார்: "என் கிளாஸ், அஞ்சு சாத்தோ. டீச்சர் சாத்தோ. சொந்தம் இல்ல." விரல்களை விரித்துக் காட்டினார். சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயமானதே நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்தான், அரசாங்கம் எல்லோரும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது என்று மிசாகி சொன்னார்.

"கவர்மென்ட் சொல்லி வெச்ச பேரா?" அப்பாவு நிமிர்ந்தார். "அப்ப ரத்தம் இல்ல. முறை தப்பல." ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. பிறகு மறுபடி கூம்பியது. "எனக்குத் தெளிஞ்சிட்டுது. ஊருக்கு எப்பிடித் தெளிய வெக்கிறது? டீக்கடையில நின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் அகிதா, ஓய்தான்னு சொல்லிக்கினு இருக்க முடியுமா? பத்திரிகையில ரெண்டு பக்கமும் சாத்தோ, சாத்தோன்னு இருக்குமே."

நான் அதிகப்பிரசங்கி. "பொண்ணு பக்கம் மட்டும் அந்தப் பேரை எடுத்துட்டா?" என்றேன்.

மிசாகி கீழே கிடந்த மரச்சுருளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எடுக்கணுமா அண்ணா?" என்று கேட்டார். கேட்டது என்னையல்ல.

"எடுக்க வாணாம்" என்றார் அப்பாவு உடனே. என்னை ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்பு எனக்கு வேண்டியதுதான். வழி எதுவும் தெரியாமலே அவர் அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டார் என்பது திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் வீட்டுக்குப் போனபோது லட்சுமியம்மாள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவு நடந்ததையெல்லாம் சொன்னார். வடக்கு, தெற்கு, பனி, சுடுதண்ணி, டீச்சர் சாத்தோ எதையும் விடவில்லை. லட்சுமியம்மாள் ஒரு போர்வையை உதறினார்.

"அந்தப் பொண்ணு உங்கள எப்பிடிக் கூப்புடுது?"

"அண்ணான்னு."

"எப்பலேருந்து?"

"மொதல் மொதல்ல உப்பு வாங்க வந்துதே, அப்பலேருந்து."

"அப்ப அது யாரு வூட்டுப் பொண்ணு?"

ஊரையே அந்தக் கேள்வி கேட்கிற மனிதர். அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. துண்டு தலைக்குப் போனது, இடுப்புக்கு வந்தது, மறுபடி தலைக்கே போனது. "நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார். "நம்ம வூட்டுப் பொண்ணுப்பா. அவன் சாத்தோ வகையறா, இது நம்ம வகையறா. எவன் கேப்பான்?" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார். நல்ல அடி. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடியால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கேயே நின்று போன் போட்டார். மிசாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க வீட்டுப் பொண்ணா ஆனா என் பேர் மாறுமா அண்ணா?"

"மாத்தறதுக்கு எங்ககிட்ட குடும்பப் பேரே இல்லியேம்மா" என்றார் அப்பாவு. "அப்பா பேர்ல மொத எழுத்து, அவ்ளோதான் எங்க சொத்து. அத நீ உங்க அப்பாகிட்டயே வாங்கிக்க. சாத்தோவாவே இரு. தாரை வார்த்துக் குடுக்கறது மட்டும் நானும் உங்க அண்ணியும்."

மஞ்சள் அட்டையில் அடித்தேன். மணமகள் பக்கம் சாத்தோ ஹிரோஷி அவர்களின் மகள் என்று போட்டு, அதன் கீழே, 'தாரை வார்த்துக் கொடுப்பவர்கள்: மணமகளின் அண்ணன் அப்பாவு, அண்ணி லட்சுமியம்மாள்' என்று கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டுவிட்டேன். என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு அது பரிகாரம். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, "பொண்ணும் மாப்ளையும் ஒரே பேரா இருக்குதே" என்று இழுத்தார். "மாப்ள சாத்தோ வகையறா. பொண்ணு என் தங்கச்சி. கீழ படி" என்றார் அப்பாவு. அவர் கீழே படித்தார். அப்புறம் எந்தப் பஸ் மண்டபத்து வாசலில் நிற்கும் என்று கேட்டார்.

கல்யாணத்தன்று மண்டபம் கொள்ளவில்லை. உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் கிளிப்பச்சைப் புடவையில் ஒரே வரிசையாக வந்தார்கள். கென்ஜி பட்டு வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று தச்சு வேலைக்குக் கட்டுகிற பெல்ட்டை அதன்மேல் கட்டிக்கொண்டு நின்றார். சென்னையிலிருந்து அவருடைய ஜப்பான் நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களோடு துணைக்கு வந்த கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து வணங்கி, "சாத்தோ" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அப்பாவு அவரைக் கையோடு பிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளை பக்கம் முதல் வரிசையில் உட்கார வைத்தார். "பங்காளிங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்றார். கென்ஜியை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிற அந்த மனிதர், யாரோ ஒரு அக்கா நீட்டிய சந்தனத்தைப் பூசிக்கொண்டு, சொந்தக்காரரைப் போலவே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் குரல் கொடுத்தார். வாசலில் நின்றிருந்த அப்பாவு குனிந்து செருப்பைக் கழற்றினார். மேடை ஏறி, லட்சுமியம்மாள் தண்ணீர் ஊற்ற, மிசாகியின் கையைப் பிடித்துக் கென்ஜியின் கையில் வைத்தார். மைக் செட்டையும் மீறி அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. கெட்டிமேளம் முழங்கியது. உப்பளத்துப் பெண்கள் போட்ட குலவையில் ஜப்பான் நண்பர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தாலி ஏறியதும் பழக்கம் அவரை விடவில்லை. மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராக வாசலுக்கு வந்தார். துண்டை ஒரு உதறு உதறினார். மடியிலிருந்து எக்ஸெல் சாவியை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு நின்றார். உள்ளே முதல் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. சாவியை என் சட்டைப் பையில் போட்டார்.

"வண்டிய நீ எடுத்துக்கினு போப்பா. நான் எப்பிடி வர்றது, பொண்ணு வூட்டுக்காரன்."

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரோரம் இருந்த பாயச வாளியைத் தூக்கி, வெறுங்காலோடு பந்திக்குள் போனார்.